சி டிரைவ், டி டிரைவ் இருந்தா போதுமா? வீட்டு கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை எப்படி அமைக்கலாம்? முழு விளக்கம்

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர். காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரை. மேலே வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது இதுதான்: "டிஸ்க் போயிடுச்சு சார். உள்ள முக்கியமா ஏதாவது இருந்துச்சா?"

இருந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள், கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், வருமான வரி ஃபைல்கள். எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில். "டி டிரைவ்ல தனியா போட்டு வச்சிருக்கேனே, அதுவுமா போயிடும்?" என்று கேட்டால், "ஆமா, அதுவும்தான்" என்பதே பதில்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர், ரேம் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். டிஸ்க் விஷயத்தில் "எத்தனை டிபி?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்த டிஸ்க்கில் எதை வைப்பது, ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா, பேக்கப்புக்கு என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

சி, டி, இ என்பது மூன்று டிஸ்க்கா?

பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதை மென்பொருள் மூலம் சி, டி, இ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பார்ட்டிஷன். ஒரே வீட்டுக்குள் சுவர் வைத்து மூன்று அறையாகத் தடுப்பது போல. வீடே இடிந்தால் எந்த அறையும் மிஞ்சாது.

பார்ட்டிஷனால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம், டி டிரைவில் உள்ள ஃபைல்கள் அப்படியே இருக்கும். அதாவது, விண்டோஸ் பழுதுக்கு பார்ட்டிஷன் உதவும். டிஸ்க் பழுதுக்கு உதவாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் டேட்டாவை இழக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறக்கவும். கீழே 'டிஸ்க் 0' என்று ஒரே வரிசை மட்டும் இருந்து, அதற்குள்ளேயே சி, டி, இ எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்க். 'டிஸ்க் 1' என்று இன்னொரு வரிசை இருந்தால் இரண்டு டிஸ்க்.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி: என்ன வித்தியாசம்?

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-ல் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள், ஒரு பெரிய அலமாரி அளவு. அதில் சேமிக்க முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இடம் தேவை.

அளவு சுருங்கினாலும் அடிப்படை இன்னும் அதேதான். காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன் மேல் ஒரு முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்தபடி படிக்கும், எழுதும். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் கீழே விழுந்தால் ஏன் கெட்டுப்போகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

எஸ்எஸ்டி-யில் சுற்றும் பாகமே கிடையாது. பென் டிரைவ் போல சிப்பில்தான் டேட்டா இருக்கும். அதனால் வேகம் பல மடங்கு அதிகம்.

• சாதாரண ஹார்டு டிஸ்க்: நொடிக்கு சுமார் 100 முதல் 250 எம்பி வரை
• சாட்டா எஸ்எஸ்டி: நொடிக்கு சுமார் 550 எம்பி வரை
• என்விஎம்இ எஸ்எஸ்டி: மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு சுமார் 3,500 எம்பி, நான்காம் தலைமுறையில் சுமார் 7,000 எம்பி வரை

ஆனால் அட்டையில் போட்டிருக்கும் இந்த எண்கள் பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பவை. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் முனை ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து நகர்ந்து போக வேண்டியிருப்பதால் அங்கேதான் திணறுகிறது. ஹார்டு டிஸ்க்கில் இருந்து எந்த எஸ்எஸ்டி-க்கு மாறினாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். சாட்டா எஸ்எஸ்டி-யில் இருந்து என்விஎம்இ-க்கு மாறினால், வீட்டு உபயோகத்தில் அவ்வளவு பெரிய மாற்றம் தெரியாது.

அப்படியென்றால் ஹார்டு டிஸ்க் எதற்கு? ஒரு டிபி-க்கு ஆகும் செலவு அதில்தான் குறைவு. போட்டோ, வீடியோ, பழைய ஃபைல்கள் போன்றவற்றுக்கு வேகம் தேவையில்லை, இடம்தான் தேவை. இன்னொரு விஷயம், கரன்ட்டே இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைத்தால் எஸ்எஸ்டி-யில் டேட்டா மெல்ல மங்கும் வாய்ப்பு உண்டு. நிறைய எழுதித் தேய்ந்துபோன எஸ்எஸ்டி-யில் இந்த ஆபத்து அதிகம். அடிக்கடி தொடாத பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க் இன்னமும் நல்ல தேர்வுதான்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

எஸ்எஸ்டி சிப்பில் குறிப்பிட்ட முறைதான் எழுத முடியும் என்பது உண்மை. அந்த அளவை டிபிடபிள்யூ என்று குறிப்பிடுவார்கள். 1 டிபி எஸ்எஸ்டி பலவற்றுக்கு இது 600 டிபி. ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினால்கூட, அந்த அளவைத் தொட 50 வருடத்துக்கு மேல் ஆகும். வீட்டு உபயோகத்தில் தேய்மானத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, மெதுவாகி, கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி-யில் கண்ட்ரோலர் சிப் போனால், எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அழித்த ஃபைலை மீட்பதும் இதில் கடினம். 'ட்ரிம்' என்ற வசதி, அழித்த இடத்தை உடனுக்குடன் சுத்தம் செய்துவிடுவதே காரணம்.

யாருக்கு எந்த அமைப்பு?

1. பிரவுசிங், ஆன்லைன் வகுப்பு, ஆபீஸ் வேலை மட்டும்: 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். இதைப் பல பார்ட்டிஷனாகப் பிரிக்கவே தேவையில்லை. சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடத்தில் அது நிரம்பி, டி டிரைவில் இடம் காலியாகக் கிடந்தும் பயன்படுத்த முடியாமல் தவிப்பது வழக்கமாக நடப்பது. மிச்சமாகும் பணத்தில் வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி பேக்கப் எடுப்பது நல்லது.

2. குடும்ப போட்டோ, வீடியோ நிறைய இருக்கும் வீடு: எஸ்எஸ்டி ஒன்று, உள்ளேயே ஹார்டு டிஸ்க் ஒன்று. எஸ்எஸ்டி-யில் விண்டோஸும் மென்பொருள்களும். ஹார்டு டிஸ்க்கில் போட்டோ, வீடியோ, ஆவணங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருத்தமான அமைப்பு. செல்போனில் 4கே வீடியோ ஒரு நிமிடம் எடுத்தாலே சுமார் 170 முதல் 400 எம்பி வரை ஆகும் என்பதால், ஹார்டு டிஸ்க்கை 2 டிபி-க்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

3. வீடியோ எடிட்டிங், யூடியூப் சேனல், கேம்: இரண்டு எஸ்எஸ்டி. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை அல்லது கேம். வேலை முடிந்ததும் ஃபைல்களைப் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

4. ஹார்டு டிஸ்க் மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டர்: புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பார்க்கலாம். அதிக செலவில்லாமல் கம்ப்யூட்டருக்குப் புது உயிர் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி போட்டதால் மட்டும் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. பிராசஸரும் டிபிஎம் 2.0 சிப்பும் அதற்கு அவசியம்.

மதர்போர்டில் பொருந்துமா? வாங்கும் முன் பாருங்க

கடையில் போய் "ஒரு எஸ்எஸ்டி குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பொருந்தாமல் திரும்பப் போகிறவர்கள் நிறைய. வடிவம் வேறு, அது பேசும் மொழி வேறு.

எம்.2 என்பது சூயிங்கம் பட்டை போல இருக்கும் மெல்லிய அட்டையின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டி-யும் வரும், என்விஎம்இ எஸ்எஸ்டி-யும் வரும். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டில் அட்டையைச் சொருகினால், பக்கத்தில் உள்ள சாட்டா போர்ட் ஒன்று வேலை செய்யாது. மிகப் பழைய மதர்போர்டுகளில் என்விஎம்இ-யிலிருந்து விண்டோஸ் ஆன் ஆகவே ஆகாது. மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கினால் இந்த அலைச்சல் இருக்காது.

ரெய்டு போட்டா பாதுகாப்பா?

இது வருமான வரித்துறை ரெய்டு இல்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கும் ரெய்டு என்றே பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது.

• ரெய்டு 0: இரண்டு டிஸ்க்கிலும் டேட்டாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து எழுதும். வேகம் கூடும். ஆனால் ஒன்று போனாலும் மொத்தமும் காலி. வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.
• ரெய்டு 1: ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். 2 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினாலும் கிடைப்பது 2 டிபி-தான். ஒன்று போனால் மற்றொன்றில் வேலை தொடரும்.
• ரெய்டு 5: குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போகும். ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது.

"ரெய்டு 1 போட்டாச்சு, இனி பேக்கப் எதுக்கு?" என்ற கேள்வி எழலாம். இங்கேதான் தவறு நடக்கிறது. ரெய்டு 1 என்பது கண்ணாடி மாதிரி. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அதே நொடியில் இரண்டாவது டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். மின்னழுத்தம் எகிறி எஸ்எம்பிஎஸ் கருகினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். கம்ப்யூட்டரைத் திருடன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்குவான்.

டிஸ்க் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்ற கட்டாயம் உள்ள இடத்துக்குத்தான் ரெய்டு. கடை பில்லிங், சிசிடிவி, சின்ன அலுவலகம் போன்றவை இதற்கு உதாரணம். வீட்டில் ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே இரண்டாவது டிஸ்க் வாங்கப் பணம் இருந்தால், அதை ரெய்டுக்குப் போடாமல் பேக்கப்புக்குப் போடுவதே புத்திசாலித்தனம்.

3-2-1: மறக்கக்கூடாத கணக்கு

அமெரிக்காவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய எளிய விதி இது.

• 3: முக்கியமான ஃபைல் ஒவ்வொன்றும் மூன்று பிரதியாக இருக்க வேண்டும்
• 2: இரண்டு வெவ்வேறு வகை சாதனங்களில் இருக்க வேண்டும்
• 1: ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்

வீட்டுக்கு வெளியே எதற்கு என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டரும் மூழ்கியது, பீரோவில் இருந்த சான்றிதழும் மூழ்கியது. நனைந்துபோன ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. குடும்ப போட்டோவுக்கு அப்படி எந்த முகாமிலும் நகல் கிடைக்காது.

மூன்றாவது பிரதிக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ, அலுவலக மேஜையிலோ வைத்துவிட்டு, பொங்கல், தீபாவளி என்று போய் வரும்போது புதுப்பித்தாலே போதும். அல்லது கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேவையைப் பயன்படுத்தலாம். கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி இலவசமாகத் தருகின்றன. எல்லா வீடியோவும் இதில் அடங்காது. ஆனால் சான்றிதழ், பத்திரம், பாஸ்போர்ட் ஸ்கேன் போன்ற ஆவணங்கள் தாராளமாக அடங்கும்.

கிளவுட்டில் ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரில் அழித்தால் கிளவுட்டிலும் அழியும். இரண்டு சேவைகளிலும் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால்தான் மீட்க முடியும். அதனால் கிளவுட்டை மட்டுமே நம்பியிருக்கக்கூடாது.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்கலாமா?

கூடாது. 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' ரான்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்த வகை வைரஸ், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவ்களையும் சேர்த்தே பூட்டும். சொருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் அதில் தப்பாது. பேக்கப் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று, பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்தும் பார்க்க வேண்டும். 1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென அழியத் தொடங்கின. சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது, தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் வீட்டில் இருந்த ஒரு பிரதி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவர் அதை எடுத்துப் போயிருந்தார். ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கே இந்த நிலை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கைத் திறந்து நாலு போட்டோவைப் பார்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

படிப்படியாக அமைப்பது எப்படி?

எஸ்எஸ்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று என்ற அமைப்புக்கு:

1. முதலில் பேக்கப். இருக்கும் டேட்டாவை வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, திறந்து பார்த்த பிறகே மற்ற வேலை.

2. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எஸ்எஸ்டி-யைப் பொருத்தவும். விண்டோஸ் நிறுவும் வரை பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்கவும். இரண்டும் இணைந்திருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டி-யில் இருந்தாலும் அதை ஆன் செய்யும் பகுதி ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்புண்டு. பிறகு ஹார்டு டிஸ்க் போனால் விண்டோஸும் எழாது.

3. விண்டோஸ் நிறுவிய பின் ஹார்டு டிஸ்க்கை இணைக்கவும். புது டிஸ்க் என்றால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லும். அப்போது ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபி-க்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே டேட்டா உள்ள டிஸ்க்குக்கு இதே கேள்வி வந்தால் உடனே 'கேன்சல்' கொடுக்கவும். அங்கே ஓகே கொடுத்தால் டேட்டாவை மீட்பது சிக்கலாகிவிடும்.

4. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றவும். ஃபோல்டர் மீது ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்'. இதைச் செய்துவிட்டால், நீங்கள் வழக்கம்போல் சேமித்தாலே ஃபைல் சரியான டிஸ்க்குக்குப் போய்விடும்.

5. கன்ட்ரோல் பேனலில் உள்ள 'ஃபைல் ஹிஸ்டரி' வசதியை வெளி டிஸ்க்குக்கு ஆன் செய்யவும். டிஸ்க் இணைந்திருக்கும்போது மாறிய ஃபைல்களைத் தானாகவே காப்பி செய்யும். பழைய வடிவத்தையும் வைத்திருக்கும் என்பதால், தவறாகத் திருத்திய ஃபைலைக்கூட மீட்கலாம்.

6. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் மூலம் லாகின் செய்யும் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உண்டு. மதர்போர்டு மாற்றும்போதோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போடும்போதோ அது கேட்கப்படும். கீ இல்லையென்றால், டிஸ்க் நன்றாக இருந்தும் டேட்டா கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் போய் அந்த எண்ணை எடுத்துப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• 1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். இது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது.

• "16 டிபி எஸ்எஸ்டி, அடிமாட்டு விலை" என்று ஆன்லைனில் வருவது அனேகமாக போலி. கம்ப்யூட்டரில் 16 டிபி என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையில் உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டாக இருக்கும். அது நிரம்பிய பிறகு போடும் ஃபைல்கள் காணாமல் போகும்.

• 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்க்கலாம். புதிது என்று வாங்கிய டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால், உடனே திருப்பிக் கொடுக்கவும்.

• ஹார்டு டிஸ்க்கில் எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என இரண்டு வகை உண்டு. எஸ்எம்ஆர் தொடர்ந்து எழுதும்போது மிகவும் மெதுவாகும். பேக்கப்புக்கு அது போதும். ரெய்டுக்கும், தினசரி வேலைக்கும் சிஎம்ஆர் நல்லது.

• அடிக்கடி கரன்ட் போகும் இடம் என்றால் யுபிஎஸ் ஒன்று அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்த ஃபைல் கெடலாம். கம்ப்யூட்டரை முறையாக அணைக்கும் சில நிமிடங்களை யுபிஎஸ் கொடுக்கும்.

டிஸ்க் போகப்போகுது என்று முன்பே தெரியுமா?

சில நேரம் தெரியும். டக் டக் என்ற சத்தம், ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆவது, ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் நிற்பது, கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து போவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் 'ஸ்மார்ட்' என்ற வசதியும் எச்சரிக்கை கொடுக்கும்.

ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட் எச்சரிக்கை எதையும் காட்டாமலேயே போயிருந்தன. ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் பழுது விவரத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதன்படி ஆண்டுக்கு 100-ல் ஒன்று அல்லது இரண்டு டிஸ்க் பழுதாகிறது. கேட்க சின்ன எண்தான். அந்த ஒன்று நம்முடையதாக இருந்தால் நமக்கு அது நூறு சதவீதம்.

சத்தம் வர ஆரம்பித்தால் என்ன செய்வது?

முதலில் கம்ப்யூட்டரை அணைக்கவும். "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்ப முயற்சி செய்வதுதான் டிஸ்க்கை முழுசாகக் கொல்லும். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டுவதும் வேண்டாம், அது ஏற்கெனவே திணறும் டிஸ்க்குக்கு இன்னும் சுமை. பேக்கப் இருந்தால் புது டிஸ்க் வாங்கி, அதில் காப்பி செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பேக்கப் இல்லை, டேட்டா கட்டாயம் வேண்டும் என்றால் தூசி இல்லாத அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி மையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆகும் செலவு புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு. அப்போதும் முழுமையாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இன்றைக்கே செய்யக்கூடியது என்ன?

புது டிஸ்க் வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 'இந்த டிஸ்க் இப்போதே போனால் எதை இழந்தால் மனசு தாங்காது?' என்று ஒரு பட்டியல் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டியல் சில ஜிபி-க்குள் அடங்கிவிடும். இன்று இரவே அதை ஒரு பென் டிரைவிலும், கிளவுட்டிலும் காப்பி செய்துவிடுங்கள். எஸ்எஸ்டி-யா, ஹார்டு டிஸ்க்கா, எத்தனை டிபி என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். என்றைக்காவது கடைக்காரர் "முக்கியமா ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டால், "இருந்துச்சு, வேற இடத்துலயும் இருக்கு" என்று பதில் சொல்ல முடியும்.